கோச் வராத நாளில் மைதானத்தில் யார்?

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் புதிய தலைமைப் பயிற்றுவிப்பாளர் வந்திருக்கிறார். அவரைத் தெரிவு செய்ததில் நிர்வாகக் குழுவுக்குள் பெரிய சண்டை எதுவும் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் மத்தியகளத்தில் விளையாடிப் பெயரெடுத்தவர், உடற்கல்வி ஆசிரியர், கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலைக்கு இடமாற்றம் கிடைத்து வந்தவர். பந்தை நிலத்தில் வைத்துச் சின்னச் சின்னப் பாஸ்களால் முன்னேறவேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவர். பின்களத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிக்கிற எங்கள் பொடியளுக்கு அப்படி ஒருவர் தேவைதான்.

இழுபறி தொடங்கியது அவர் தந்த அடுத்த தாளில். உதவிக்கு இரண்டு பேர் வேண்டும் என்று கேட்டு, இரண்டு பெயரையும் அவரே எழுதித் தந்தார். அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு கருத்து. கனடாவிலிருந்து ஒருவர், லண்டனிலிருந்து ஒருவர், பக்கத்து ஒழுங்கையிலிருந்து நாலு பேர். கழகத்திடம் இருக்கிற காசுக்கு இரண்டு பேருக்குப் பெற்றோல் செலவும் ஒரு சின்னக் கொடுப்பனவும்தான் கட்டுப்படியாகும். மூன்றாவது ஆள் வந்தால் அவர் அன்புக்காகத்தான் வரவேண்டும்.

வன்னியில் இந்தக் கேள்விக்கு ஒரு பின்னணி உண்டு. இன்றைக்கு நாற்பது வயதை ஒட்டி, விளையாட்டை விட்டுப் பயிற்சிக்குத் திரும்பியிருக்கவேண்டிய ஒரு தலைமுறை எங்களிடம் மெலிந்துபோய் இருக்கிறது. 2008, 2009இல் போரில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பிறகு மீள்குடியேறியபோது கழகங்களின் பெயர்ப்பலகை திரும்பி வந்தது. ஆட்கள் எல்லோரும் திரும்பவில்லை. சிலர் இல்லை, பலர் வெளிநாட்டில். ஆகவே மற்ற இடங்களில் பத்துப் பேரிலிருந்து இருவரை எடுப்பார்கள் என்றால், நாங்கள் ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு யோசிக்கிறோம்.

கூட்டத்தில் எழுந்த முதல் கேள்வி, "ஆரிட்டச் சேர்ட்டிபிக்கேற் இருக்கு?" இரண்டாவது, "ஆர் எந்த மட்டத்தில விளையாடினவர்?" மூன்றாவதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை: யார் யாருக்குச் சொந்தம்? மூன்றுமே கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் எங்கள் நிலைமையில் அவற்றுக்கு முன்னால் நிற்கவேண்டிய ஒன்று இருக்கிறது. கோச் திங்கள், புதன், வெள்ளி மாலைகளில்தான் நிற்பார். பாடசாலை முடிந்து பயிற்சியும் முடித்து ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போய்ச் சேர 60 கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டும். அதற்குமேல் அவரிடம் கேட்பது நியாயம் இல்லை. மிச்ச நாட்களில் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கப்போகிறவர் யார்? பெரிய கழகங்களில் உதவிப் பயிற்றுவிப்பாளர் என்பவர் தலைமைக்குப் பக்கத்தில் நிற்பவர். எங்களிடம் வாரத்தில் பாதி நாட்கள் அவர்தான் தலைமை.

அடுத்த கேள்வி, கோச்சிடம் இல்லாத எதை இவர் கொண்டுவருகிறார் என்பது. இந்த இரண்டையும் வைத்துத்தான் ஒவ்வொருவரையும் பார்க்கிறேன்.

கோச்சின் தாளில் முதலாவது பெயர் அவருடைய பழைய கூட்டாளி. முந்தைய கழகத்தில் இருவரும் ஒன்றாகப் பயிற்சி கொடுத்தவர்கள். தன் ஆட்களைக் கூட்டிவருவது உலக வழக்கம். அதைப் பார்த்துக் குழுவில் சிலர் முகம் சுளித்தது தேவையில்லாதது. ஆனால் அந்த வழக்கம் எப்போதும் பலன் தந்தது என்றும் சொல்லமுடியாது. 2013இல் கோச் அலெக்ஸ் பெர்குசன் விலகியபோது இங்கிலாந்தின் மன்செஸ்டர் யுனைடெட் கழகம் 11 புள்ளி வித்தியாசத்தில் பிரீமியர் லீக்கை வென்றிருந்தது. எவர்டனிலிருந்து வந்த டேவிட் மோய்ஸ் தன்னோடு ஸ்டீவ் ரவுண்ட், ஜிம்மி லம்ஸ்டன், கோல்காப்பாளர் பயிற்சிக்குக் கிறிஸ் வூட்ஸ் ஆகியோரைக் கொண்டுவந்தார். அங்கே பெர்குசனுக்கு உதவியாக இருந்த மைக் பீலன், றெனே மியூலன்ஸ்டீன், எரிக் ஸ்டீல் மூவரும் வெளியேறினார்கள். வெற்றி பெற்ற அந்த வீரர்களைத் தினமும் கையாண்டு பழகிய மூவர். அடுத்த ஆண்டு ஏப்ரலில் மோய்ஸும் வெளியேற்றப்பட்டார். யுனைடெட் 7ஆம் இடத்தில் முடித்தது. அதே கழகத்துக்கு 2024 நவம்பரில் வந்த ரூபன் அமோரிமும் ஸ்போர்ட்டிங் கழகத்திலிருந்து தன் கூட்டத்தைக் கொண்டுவந்தார். இடையில் நான்கு போட்டிகளைத் தோல்வியில்லாமல் நடத்திக்கொடுத்த ரூட் வான் நிஸ்டல்ரூயை வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பருவத்தில் யுனைடெட் 15ஆவது.

இதைக் காட்டித்தான் குழுவில் ஒரு அண்ணை, "பழைய ஆக்களை விட்டா அழிவுதான்" என்று முடித்துவிடப் பார்த்தார். அவ்வளவு எளிதல்ல. 2024இல் லிவர்பூலுக்கு வந்த ஆர்னே ஸ்லொட்டுக்கும் பழைய ஆட்கள் இருக்கவில்லை. முந்தைய கோச் யேர்கன் கிளொப்போடு பெப் லைண்டர்ஸ், பீட்டர் கிராவிட்ஸ் போன்றவர்களும் போய்விட்டார்கள். ஸ்லொட்டும் தன் பழைய கழகமான பயனூர்டிலிருந்து சிப்கே ஹுல்ஷொஃபைக் கூட்டிக்கொண்டுதான் வந்தார். முதல் பருவத்திலேயே லீக்கை வென்றார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அவர் சேர்த்த மற்றவர்: ஜோன் ஹைட்டிங்கா. பயனூர்ட் கூட்டத்தைச் சேராதவர். ஸ்லொட் மத்தியகளத்தில் விளையாடியவர். ஹைட்டிங்கா 2010 உலகக் கிண்ண இறுதிப்போட்டியில் நெதர்லாந்தின் பின்களத்தில் நின்றவர், இடையில் அயாக்ஸைத் தற்காலிகமாகத் தலைமை தாங்கியும் பார்த்தவர். தனக்குப் பழகிய ஒருவர், தனக்குத் தெரியாததைத் தெரிந்த ஒருவர். எங்கள் கோச்சின் தாளில் அந்த இரண்டாவது வகை ஆள் இல்லை.

கூட்டாளிக்கு வருவோம். நண்பரை உதவிக்கு வைத்ததில் உலகம் கண்ட மிகச் சிறந்த உதாரணம் பிரையன் கிளஃபும் பீட்டர் டெய்லரும். டெய்லர் இல்லாமல் 1974இல் லீட்ஸுக்குப் போன கிளஃப் 44 நாளில் வெளியே அனுப்பப்பட்டார். 1976இல் நொட்டிங்ஹாம் பொரஸ்டில் டெய்லர் மறுபடி வந்து சேர்ந்தார். 1978இல் லீக், 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கிண்ணம். ஆனால் டெய்லர் இன்னொரு கிளஃபாக இருந்தவர் அல்ல. ஆளைக் கண்டுபிடிப்பது டெய்லரின் கண். ஆளை எழுப்பி ஓடவைப்பது கிளஃபின் வாய். எங்கள் கோச்சின் கூட்டாளியோ அவரைப் போலவே மத்தியகள வீரர், அவரைப் போலவே பாஸ் பயிற்சியில் கெட்டிக்காரர். பழகிப் பார்த்ததில் நல்ல மனிதர். கோச் அரை வசனம் சொன்னால் மிச்சத்தை இவர் செய்துவிடுவார், அந்த வசதியைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. புதிய முறை ஒன்றைப் பழக்கும் முதல் இரண்டு மூன்று மாதங்களில் ஒரே விளக்கத்தை இரண்டு பேர் ஒரே மாதிரிச் சொல்வது பொடியளுக்குக் குழப்பம் தராது.

சிக்கல் எங்கே என்றால், இவருக்கும் கிளிநொச்சியில்தான் வேலை. காலையில் இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள், ஒரே மோட்டார் சைக்கிளில் திரும்புகிறார்கள். கோச் நிற்காத மாலையில் இவரும் நிற்கமாட்டார். பெற்றோல் காசு மிச்சம் என்று பொருளாளர் சந்தோஷப்பட்டார், உண்மைதான். செவ்வாய்க்கிழமை மைதானம் அப்படியே இருக்கும்.

தாளில் இரண்டாவது பெயர் முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கத்து இளைஞர். கிளிநொச்சியில் அறை எடுத்துத் தங்கி ஒரு கடையில் வேலை பார்க்கிறார். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் சி தரச் சான்றிதழ் முடித்திருக்கிறார். சி, பி, ஏ, புரோ என்று போகிற ஏணியில் முதற்படி அது. ஆனால் எங்கள் பட்டியலில் கோச்சைத் தவிர அந்தப் படியில் கால் வைத்தவர் இவர் ஒருவர்தான். உடலைச் சூடாக்கும் பயிற்சியை ஒழுங்காகச் செய்விக்கத் தெரியும், தொலைபேசியில் போட்டியைப் படம் பிடித்து வெட்டிக் காட்டத் தெரியும், ஒவ்வொரு நாளுக்கும் எழுதிய திட்டம் வைத்திருப்பார். கொளுத்துகிற வெயிலில் நாலரைக்குத் தொடங்கும்போது எத்தனை தரம் தண்ணீர் இடைவேளை விடவேண்டும் என்பதைக் கணக்கெடுத்துச் செய்கிற ஒரே ஆள்.

இவர்மேல் இரண்டு சந்தேகம். ஒன்று வயது: எங்கள் முன்கள வீரர்களில் இருவர் இவரைவிட மூத்தவர்கள், இவர் சொல்லி அவர்கள் ஓடுவார்களா? இது காலத்தோடு தீரும் என்று நினைக்கிறேன், அதுவும் கோச் பகிரங்கமாக இவருக்குப் பின்னால் நின்றால் விரைவில் தீரும். இரண்டாவது, இவர் வெளிநாடு போய்விடுவார் என்ற பேச்சு. இதற்காக ஒருவரைத் தள்ளிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மிக்கேல் ஆர்டெட்டா 2019 டிசம்பரில், பருவம் பாதியில் இருக்கும்போது, பெப் குவார்டியோலாவை விட்டு ஆர்சனலுக்குப் போனார். நல்ல உதவியாளர் ஒருநாள் போவார். இருக்கும்வரை அவரிடம் என்ன எடுத்தோம் என்பதுதான் கணக்கு. அந்த எழுதிய திட்டங்களின் பிரதியைக் கழகத்தில் வைத்துக்கொண்டால், ஆள் போனாலும் வேலை போகாது.

சரி, தாளில் இல்லாத ஆட்கள்.

எங்கள் முன்னாள் அணித்தலைவரைப் பற்றித்தான் அதிகம் பேசவேண்டும், ஏனென்றால் குழு இரண்டாகப் பிரிந்ததும் அவர் விடயத்தில்தான். பத்து வருடத்துக்கு மேல் நடுப் பின்களத்தில் நின்றவர். விளையாட்டை விட்டபிறகு 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பழக்கிவருகிறார். இன்றைக்கு எங்கள் முதல் பதினொருவரில் பாதிப்பேர் அவர் கையால் வந்தவர்கள். சான்றிதழ் இல்லை. இரணைமடு வாய்க்காலை நம்பிய வயல், ஒரு லான்ட்மாஸ்டர், நாலு மாடு. மைதானத்திலிருந்து பார்த்தால் அவர் வீட்டு வேலி தெரியும். எந்தப் பொடியன் ஏன் இரண்டு நாளாக வரவில்லை, எவனுடைய அம்மா விளையாடவேண்டாம் என்கிறா, எவன் இரவு மணல் ஏற்றப் போய்விட்டு நித்திரையில்லாமல் வந்து நிற்கிறான், எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் போய்ப் படலையில் நின்று கூப்பிட்டால் தகப்பன்மார் மறுக்கமாட்டார்கள்.

அவரைக் கோச் ஏன் எழுதவில்லை? நேரே கேட்டோம். "அவர் இருந்தா பொடியள் அவரின்ர முகத்தைத்தான் பாப்பாங்கள், சேர் சொல்றதைக் கேக்கமாட்டாங்கள்" என்று கூட்டாளிதான் பதில் சொன்னார். கோச் பேசாமல் இருந்தார். அந்தப் பயம் பொய்யானது அல்ல. தலைமைப் பதவிக்கு இவர் பெயரும் அடிபட்டது ஊருக்கே தெரியும். பதவி கிடைக்காதவரைக் கிடைத்தவருக்குக் கீழே வைப்பது எந்த வேலையிலும் சங்கடம். முதல் இரண்டு போட்டி தோற்றால் ஊர்ச் சனம் இவர் பெயரைச் சொல்லிக் கூக்காட்டும்; இவர் எதுவும் செய்யாமலே கோச்சுக்கு எதிராளி ஆகிவிடுவார்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். 2018 உலகக் கிண்ணத்துக்குப் பிறகு ஆர்ஜென்டீனா அணியைப் பொறுப்பெடுத்தபோது லியோனல் ஸ்கலோனி எந்த ஒரு பெரிய கழகத்தையும் தலைமை தாங்கியவர் அல்ல. போன கோச் சம்பாவோலியின் உதவிக் கூட்டத்தில் இருந்தவர், அவ்வளவுதான். அவர் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டது யாரை? பப்லோ ஐமார், வால்ட்டர் சாமுவேல், ரொபேர்ட்டோ அயாலா. மூவருமே விளையாட்டு வீரர்களாக ஸ்கலோனியைவிடப் பெரிய பெயர்கள். ஐமார், மெஸ்ஸி சிறுவனாக இருந்தபோது அண்ணாந்து பார்த்தவர். சாமுவேலும் அயாலாவும் பின்களத்தின் மலைகள். தன் நாற்காலிக்கு ஆபத்து என்று ஸ்கலோனி யோசித்திருந்தால் மூவரில் ஒருவரையும் எடுத்திருக்கமுடியாது. 2021 கொப்பா அமெரிக்கா, 2022 உலகக் கிண்ணம், 2024இல் மறுபடி கொப்பா. தன்னைவிட ஊர் மதிக்கிற ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தத் துணிகிற கோச்தான் நீண்டநாள் நிற்பார் என்று எனக்கு இதிலிருந்து தோன்றுகிறது. அத்தோடு, மத்தியகள வீரரான எங்கள் கோச்சிடம் இல்லாத பின்கள அறிவு இவரிடம்தான் இருக்கிறது. போன பருவத்தில் மூலை உதைகளில் வாங்கிய கோல்களை நினைத்தால் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அவருக்கு உள்ள உண்மையான குறை வேறு. அதைக் குழுவில் ஒருவரும் பேசவில்லை. காலபோக விதைப்புக் காலத்திலும், தை மாசியில் வெட்டு மெசின் வயலுக்குள் இறங்குகிற நாட்களிலும் அவரை மைதானத்தில் எதிர்பார்க்கமுடியாது. மெசின் எப்போது கிடைக்கிறதோ அப்போது வெட்டியாகவேண்டும், பயிற்சி இருக்கிறது என்று மெசின்காரன் காத்திருக்கமாட்டான். ஐப்பசி கார்த்திகை மழையில் எங்கள் மைதானமே குளம், ஆகவே பாதிச் சிக்கல் தானாகத் தீர்கிறது. அறுவடைக் காலம்தான் இடிக்கும். மழைவிட்டு அணிக்கு 9 பேர் கொண்ட ஞாபகார்த்தக் கிண்ணப் போட்டிகள் தொடங்குகிற காலமும் அதை ஒட்டித்தான் வருகிறது. இந்த இடத்தில்தான் முல்லைத்தீவு இளைஞரின் பெயரை மறுபடி எடுக்கவேண்டும். வயல் இல்லாத, மாலையில் கடையிலிருந்து இறங்கிவரக்கூடிய ஆள் அவர்.

அடுத்தவர் கோல்காப்பாளர் பயிற்சிக்கு. பூநகரிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம், கத்தோலிக்கக் குடும்பம், கடற்றொழில். ஒரு காலத்தில் அவர் கம்பங்களுக்கிடையில் நின்றால் கோல் அடிக்க வருகிறவனுக்குக் கால் கூசும். இரவுத் தொழில் என்பதால் கிழமை நாட்களில் வரவேமாட்டார். ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. சனி பின்னேரமும் ஞாயிறு பின்னேரமும் வரலாம் என்கிறார்.

வாரத்தில் இரண்டு பின்னேரம் வருகிறவருக்கு ஒரு இடத்தைக் கொடுப்பதா என்று கேட்டார்கள். நான் கொடுக்கவேண்டும் என்பேன். காரணம் எங்கள் போட்டிகளின் வடிவம். வன்னியில் கழகங்கள் விளையாடுவதில் பெரும்பகுதி, தோற்றால் வெளியேறுகிற விலகல் முறைச் சுற்றுப்போட்டிகள். குறுகிய நேரம், சிறிய மைதானம், கோல் இல்லாமல் முடிந்து சமநிலை தவிர்ப்பு உதைக்குப் போகிற ஆட்டம் எத்தனை! அங்கே ஒரு கோல்காப்பாளரின் இரண்டு கைக்குள் முழுப் பருவமும் இருக்கிறது. 2014 உலகக் கிண்ணக் காலிறுதியில் கொஸ்டா ரிக்காவுக்கு எதிராக, மேலதிக நேரம் முடிகிற கடைசி நிமிடத்தில் நெதர்லாந்துக் கோச் லூயி வான் கால், கோல்காப்பாளர் சிலசென்னை வெளியே எடுத்து டிம் குரூலை இறக்கினார். குரூல் இரண்டு உதையைத் தடுத்தார், நெதர்லாந்து 4-3 என்று வென்றது. அந்த அணியின் கோல்காப்பாளர் பயிற்றுவிப்பாளர் பிரான்ஸ் ஹோக். அரையிறுதியில் ஆர்ஜென்டீனாவோடும் அதே நிலை வந்தது. ஆனால் மாற்று வீரர்கள் மூவரும் அதற்குள் இறங்கி முடிந்திருந்தார்கள். சிலசென்தான் நிற்கவேண்டி வந்தது, 4-2 என்று தோற்றார்கள். கோல்காப்பாளருக்கென்று தனி அறிவு ஒன்று இருக்கிறது, அதை மத்தியகள வீரர் ஒருவர் புத்தகம் பார்த்துச் சொல்லிக்கொடுக்கமுடியாது. எங்கள் இரண்டு கோல்காப்பாளர்களும் இதுவரை மற்றவர்களோடு சேர்ந்து ஓடி, கடைசிப் பத்து நிமிடம் எல்லோரும் உதைக்கிற பந்தைப் பிடித்துப் பழகியவர்கள். அதற்குப் பெயர் பயிற்சி அல்ல.

இன்னொரு பெயரை நான்தான் சொன்னேன், கூட்டம் கொஞ்சம் அமைதியானது. அயல் பாடசாலையில் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணியைப் பழக்கி மாகாண மட்டம்வரை கொண்டுபோன ஆசிரியை. பயிற்சித் திட்டமிடலில் எங்கள் பட்டியலில் உள்ள யாருக்கும் குறைந்தவர் அல்ல. "பொடியளுக்குப் பெம்பிளை கோச்சோ?" என்று ஒருவர் சிரித்தார். 2023 நவம்பரில் ஜேர்மனியின் யூனியன் பேர்லின் கழகம் மரி லூயிஸ் எட்டாவை உதவிப் பயிற்றுவிப்பாளராக ஆண்கள் பண்டஸ்லீகா அணிக்கு வைத்தது. வானம் இடிந்து விழவில்லை. ஆசிரியையிடம் கேட்டதில், வீட்டில் சிறு பிள்ளைகள், இந்த ஆண்டு முடியாது என்றார். அதோடு முடிந்தது. அடுத்த ஆண்டு முதலில் கேட்கவேண்டிய ஆள் அவர்தான் என்று குறிப்பேட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வந்த யோசனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எங்கள் பழைய வீரர் ஒருவர் ஒவ்வொரு போட்டியின் காணொளியையும் பார்த்து எழுதி அனுப்புகிறேன், இரண்டு சோடிச் சீருடைக்கும் காசு தருகிறேன் என்கிறார். நல்ல மனம். ஆனால் அவரை உதவிப் பயிற்றுவிப்பாளர் என்று பெயர் கொடுத்துப் பட்டியலில் போடவேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. சீருடையை நன்றியோடு வாங்குவோம். காணொளிக் குறிப்பைக் கோச் விரும்பினால் வாசிக்கட்டும். மைதானத்து மண் காலில் ஒட்டாதவருக்குப் பதவி தேவையில்லை.

இனி, ஆட்களைத் தனித்தனியாகப் பார்ப்பதை விட்டுச் சோடியாகப் பார்க்கவேண்டும். கோச்சின் தாளில் உள்ள சோடி கூட்டாளியும் இளைஞரும். பயிற்சித் தரத்தைப் பார்த்தால் மிக நேர்த்தியான சோடி அதுதான். புதிய முறை வேகமாகப் பிடிபடும். ஆனால் கோச் வராத நாள் எல்லாம் அந்த இளைஞர் தலையில் விழும், அவருக்கு ஊரில் வேர் இல்லை. அதைவிட முக்கியம், இருவருமே கோச்சுக்கு மறுத்துப் பேசக்கூடியவர்கள் அல்ல. ஒருவர் நண்பர், மற்றவர் வேலை கற்கவேண்டிய வயதினர். பெர்குசன் அபர்டீனில் இருந்த காலத்தில் அவருடைய உதவியாளர் ஒருவர், எல்லாப் பயிற்சியையும் நீங்களே செய்வதென்றால் என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டாராம். அதன்பிறகுதான் பெர்குசன் பயிற்சியை உதவியாளரிடம் விட்டு, ஓரத்தில் நின்று பார்க்கப் பழகினார். அப்படிக் கேட்கிற ஒருவராவது வேண்டும்.

முன்னாள் அணித்தலைவரும் கூட்டாளியும் என்ற சோடியை இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தச் சிலர் முன்வைத்தார்கள். சமாதானம் வரும், வேலை நடக்காது. ஒருவர் ஊரின் ஆள், மற்றவர் கோச்சின் ஆள் என்று முதல் நாளே கோடு விழுந்துவிடும். அறுவடை நேரத்தில் செவ்வாய்க்கிழமை மறுபடி காலி.

அணித்தலைவரும் இளைஞரும் என்பதுதான் என் தெரிவு. ஒருவருக்கு ஊரும் பின்களமும் தெரியும், மற்றவருக்குத் திட்டமும் சான்றிதழும் இருக்கிறது. ஒருவர் வயலுக்குப் போகிற காலத்தில் மற்றவர் நிற்பார். ஊரில் வேர் இல்லாத குறையை அணித்தலைவரும், எழுதித் திட்டமிடாத குறையை இளைஞரும் ஒருவருக்கொருவர் அடைப்பார்கள். இளைஞரின் பெயர் கோச் எழுதிய தாளிலிருந்தே வருகிறது, ஆகவே கோச் கேட்டதில் ஒன்று அப்படியே கொடுக்கப்படுகிறது. இரண்டையும் நாங்கள் மாற்றினால் அவரை நியமித்ததில் அர்த்தம் இல்லை. கோல்காப்பாளர் பயிற்சிக்காரர் கொடுப்பனவு கேட்கமாட்டார், பூநகரியிலிருந்து வந்துபோகும் பெற்றோல் காசு மட்டும் என்று பேசியாகிவிட்டது. அதை விளக்கு வாடகைக்கு ஒதுக்கிய காசில் எடுக்கலாம். மின்னொளிப் போட்டி இந்த வருடம் நாங்கள் நடத்தவில்லை.

கூட்டாளியை வரவேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. எப்படியும் திங்கள், புதன், வெள்ளி அந்த மோட்டார் சைக்கிளில்தான் வரப்போகிறார். மைதானத்தில் நிற்கட்டும், கோச்சுக்குக் கை கொடுக்கட்டும், போட்டி நாளில் வாங்கில் ஒரு இடமும் இருக்கட்டும். பதவியும் கொடுப்பனவும் மட்டும் இல்லை. இதைக் கோச்சிடம் யார் சொல்வது என்பதில்தான் இப்போது குழு இழுபடுகிறது. தலைவர் சொல்லவேண்டும், வாட்ஸ்அப்பில் அல்ல, நேரில். சொல்லும்போது முன்னாள் அணித்தலைவரும் கூட இருக்கவேண்டும். கோச் மூன்று நாளும் சொல்வதை மற்ற நாட்களில் மாற்றிச் சொல்லமாட்டேன் என்று அவர் வாயாலேயே வரவேண்டும். பிடிக்காததைக் கோச்சிடம் தனியாகச் சொல்லுவேன், பொடியளுக்கு முன்னால் சொல்லமாட்டேன் என்பதும். கேட்டுப் பார்த்தேன். "சேர் பழக்கிறதைத்தான் நானும் பழக்குவன். ஆனா கோர்னருக்கு ஆக்களை நிப்பாட்டுறதை என்னட்ட விடச் சொல்லுங்கோ" என்றார்.

அதைக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆர்சனல் 2021இல் மூலை உதை, பிறீகிக் போன்றவற்றுக்கென்றே நிக்கொலா ஜோவர் என்று ஒருவரைத் தனியாக வைத்தது. எங்கள் பக்கத்தில் அந்த வேலைக்கு ஆள் ஏற்கனவே வேலிக்கு அப்பால் இருக்கிறார். கோச் இதற்கு இணங்கினால் வருகிற சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில் மூன்று பெயரையும் பதிவு செய்து, அடுத்த அறுவடை முடியும்வரை என்று காலம் போட்டு எழுதிக்கொள்ளலாம். இணங்காவிட்டால் அவர் தாளில் உள்ள இருவரையும் ஏற்றுக்கொண்டு, செவ்வாயும் வியாழனும் யார் மைதானத்தைத் திறப்பது என்பதற்கு அவரிடமே பெயர் கேட்கவேண்டும்.